கிறீன்லாந்தின் தன்னாட்சி: 1953 முதல் 2009 வரை

ஒரு குடியேற்ற நாடு எப்போது அந்நிலையினின்றும் நீங்குகின்றது? கிறீன்லாந்தைப் பொறுத்தவரை டென்மார்க்கின் சட்டம் தரும் விடை தெளிவானது: 1953 யூன் 5. அன்று நடைமுறைக்கு வந்த புதிய யாப்பு, 1721இல் ஹான்ஸ் எகெட என்னும் பாதிரியாரின் வருகையோடு தொடங்கிய குடியேற்ற ஆட்சியை முடித்து, தீவை இராச்சியத்தின் ஒரு பாகமாக்கிப் பாராளுமன்றத்தில் இரு ஆசனங்களை வழங்கிற்று. அடுத்த ஆண்டே ஐக்கிய நாடுகள் சபையும் இதனை ஏற்றுக்கொண்டது. ஆயின், அந்த யாப்புக்கான சர்வசன வாக்கெடுப்பு கிறீன்லாந்தில் நடத்தப்படவேயில்லை.

யாப்பு நடைமுறைக்கு வருவதற்குச் சில நாள்களே இருக்கையில் மற்றொன்று நிகழ்ந்தது. தூலேயிலிருந்த அமெரிக்க விமானத் தளத்தை விரிவாக்கும் பொருட்டு, அங்கு வாழ்ந்த இனுகுயிட் வேட்டுவக் குடும்பங்கள் நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் வடக்கே பெயர்க்கப்பட்டன. சமத்துவம் சட்டமாகுமுன் காரியம் முடிக்கப்பட்டது என்று கொள்வதில் தவறில்லை. மக்கள் தாமாகவே சென்றனர் என அரசு நெடுங்காலம் கூறிவந்தது. அது பலவந்த வெளியேற்றமே என டேனிய நீதிமன்றம் தீர்ப்பளிக்க 1999 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எனவே உண்மையான திருப்பத்தை 1953இல் அன்றி 1972இலேயே காணவேண்டும் என்பது எமது கருத்து. ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் இணைவது பற்றிய அவ்வாண்டு வாக்கெடுப்பில் கிறீன்லாந்தர் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் எதிர்த்து வாக்களித்தனர். மீன்பிடியே அவர்தம் சீவாதாரம். தம் கடலில் ஐரோப்பியக் கப்பல்கள் வலை வீசுவதை அவர்கள் விரும்பவில்லை. எனினும் டென்மார்க்கின் பெரும்பான்மை வாக்கு அவர்களையும் உள்ளே இழுத்துச் சென்றது. 1948 முதல் தன்னாட்சி பெற்றிருந்த பரோ தீவுகளோ, அதே இராச்சியத்தைச் சேர்ந்தனவாயினும், வெளியே நின்றன. தன்னாட்சியின் பயன் யாதென இதனினும் தெளிவாக எவரும் கற்பித்திருக்க முடியாது. 1979 மே 1இல் கிறீன்லாந்து தன்னாட்சி பெற்றது. 1982இல் மீண்டும் வாக்களித்து, 1985இல் அச்சமூகத்தை விட்டு வெளியேறியது.

நிலத்தடிக் கனிவளங்கள் பற்றிய பிணக்கு இதனால் தீரவில்லை. 1979ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி இரு தரப்பும் இணங்கினாலன்றி எதுவும் செய்ய இயலாதிருந்தது. 2009ஆம் ஆண்டுச் சட்டமே அவ்வளங்களைக் கிறீன்லாந்துக்கு வழங்கி, அதன் மக்களைத் தனி மக்களினமாக ஏற்று, சுதந்திரம் பற்றித் தீர்மானிக்கும் உரிமையையும் அவர்களுக்கு அளித்தது. ஆயினும் பாதுகாப்பும் வெளிநாட்டுக் கொள்கையும் கொப்பன்ஹேகனிடமே எஞ்சின. ஆண்டுதோறும் வழங்கப்படும் ஏறத்தாழ 340 கோடி குரோனர் மானியமும் அச்சட்டத்திலேயே விதிக்கப்பட்டது. கனிவள வருமானம் 7.5 கோடி குரோனரை விஞ்சுமாயின், விஞ்சும் தொகையிற் பாதி அம்மானியத்திலிருந்து கழிக்கப்படும்.