கும்மிடிப்பூண்டி முதல் புள்ளலூர் வரை: திப்புவின் ராக்கெட்டுகளும் அபூர்வத் துப்பாக்கிகளும்

திருவள்ளூரிலிருந்து திருத்தணி செல்லும் சாலையில் சில கிலோமீட்டர் போனால் திருப்பாச்சூர். வாசீஸ்வரர் கோயிலுக்காக இந்த ஊரை அறிந்தவர்கள் பலர். ஆங்கிலேயரின் பழைய ஆவணங்களில் இது 'திரிபசூர்'. அங்கே ஒரு கோட்டை இருந்தது. ஹைதர் அலியின் வீரர்கள் காவல் காத்த அந்தக் கோட்டையை 1781 ஆகஸ்டில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் முற்றுகையிட்டுப் பிடித்தார். பிற்காலத்தில் கம்பெனி தன்னுடைய ஓய்வுபெற்ற ஐரோப்பியச் சிப்பாய்களைக் குடியமர்த்திய ஊர்களில் இதுவும் ஒன்று.

திப்பு சுல்தான் என்றாலே நம் பிள்ளைகளுக்கு ஸ்ரீரங்கப்பட்டணம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அவருடைய ராக்கெட்டுகளை உலகம் பேச வைத்த போர் கர்நாடக மண்ணில் நடக்கவில்லை. கும்மிடிப்பூண்டி, கொசஸ்தலை ஆறு, பேரம்பாக்கம், புள்ளலூர் என்று நாம் பேருந்தில் அன்றாடம் கடந்து போகும் ஊர்களில் நடந்தது. அந்தப் போரையும், அதில் பறந்த ஆயுதத்தையும், அதே ஆட்சியின் பட்டறைகளில் பிறந்த வேறு சில விசித்திரத் துப்பாக்கிகளையும் பற்றி இங்கே எழுதுகிறோம்.

1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையுடன் செங்கம் கணவாய் வழியாக ஆற்காட்டு நாட்டுக்குள் இறங்கினார். குண்டூர் பக்கம் இருந்த கர்னல் வில்லியம் பெய்லியின் படையைத் தெற்கே வரச் சொல்லிச் சென்னையிலிருந்து ஆங்கிலேயர் உத்தரவு அனுப்பினார்கள். ஆகஸ்ட் 24 அன்று பெய்லி கும்மிடிப்பூண்டியில் இருந்தார். மறுநாள் கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்தார். ஆற்றில் அப்போது தண்ணீர் பெரிதாக இல்லை. நாளைக்குக் கடந்துகொள்ளலாம் என்று வடகரையிலேயே கூடாரம் போட்டார். அன்று இரவு மழை பிடித்துக்கொண்டது. வெள்ளம் வடிந்து படை அக்கரை சேர செப்டம்பர் முதல் வாரம் ஆகிவிட்டது. அந்த ஒரு வாரத்துக்கு மேற்பட்ட தாமதம்தான் போரின் முடிவையே எழுதியது என்று ராணுவ வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். கொசஸ்தலை வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் பெய்லியைத் திப்பு மறித்துத் தாக்கினார். அந்தச் சண்டை யாருக்கும் முழு வெற்றியாக முடியவில்லை. காஞ்சிபுரத்தில் பெரும்படையுடன் இருந்த ஹெக்டர் மன்றோ தானே புறப்பட்டு வராமல், சுமார் ஆயிரம் பேரை மட்டும் பெய்லிக்கு உதவியாக அனுப்பினார். செப்டம்பர் 10 காலை, காஞ்சிபுரத்துக்குச் சில மைல் தொலைவில் உள்ள புள்ளலூர் அருகே சுமார் 3,800 பேர் கொண்ட பெய்லியின் படை சுற்றி வளைக்கப்பட்டது. ஆங்கில நூல்கள் 'பொள்ளிலூர்' என்று எழுதுவது இந்தப் புள்ளலூரைத்தான். நாட்காட்டியைக் கணக்கிட்டுப் பார்த்தால் அது ஹிஜ்ரி 1194 ரமழானின் முதல் பாதி. நம் வரலாற்றுக் கட்டுரைகளில் இந்த விவரம் கண்ணில் படுவதே இல்லை.

போரின் நடுவே பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. மைசூர் ராக்கெட் பட்டு வெடித்தது என்பார்கள் சிலர், பீரங்கிக் குண்டு பட்டு வெடித்தது என்பார்கள் சிலர். எதுவாக இருந்தாலும் அதன் பிறகு ஆங்கிலப் படையிடம் சுடுவதற்கு மருந்தில்லை. பெய்லி சிறைபிடிக்கப்பட்டார். 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் சிறையிலேயே இறந்தார். மன்றோ தன் கனரகப் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்தில் கோயில் குளத்தில் போட்டுவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்டிராத தோல்வி அது. அன்று பிடிபட்டவர்களில் டேவிட் பேர்ட் என்ற இளம் அதிகாரியும் ஒருவர். 1784-ல் விடுதலையாகிப் போன அவர்தான் 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மீது இறுதித் தாக்குதலை நடத்தினார். திப்பு ஷஹீதானது அன்றைக்குத்தான்.

அந்த ராக்கெட் எப்படி இருந்தது?

'வாணவேடிக்கை' என்ற சொல்லில் வரும் வாணம்தான் இது. பட்டாசுக் கடையில் விற்கும் ராக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காகிதக் குழாயில் மருந்து, பின்னால் ஒரு குச்சி. மைசூர்க் கொல்லர்கள் காகிதத்தை எடுத்துவிட்டு, அடித்துத் தட்டிய இரும்புத் தகட்டில் குழாய் செய்தார்கள். மாற்றம் அவ்வளவுதான், ஆனால் விளைவு பெரிது. காகிதக் குழாயில் மருந்தை நெருக்கி இடித்து அடைத்தால் பற்றவைத்ததும் குழாய் கிழிந்துவிடும். இரும்புக் குழாய் அதிக அழுத்தத்தைத் தாங்கும். அதனால் அதிக மருந்தை இறுக்கி அடைக்கலாம், வேகமும் தூரமும் கூடும். ஒரு கிலோமீட்டருக்கு மேல் அவை பறந்தன.

குச்சிக்குப் பதிலாக நீண்ட மூங்கிலைக் கட்டினார்கள். சிலவற்றில் மூங்கிலுக்குப் பதில் வாள் அலகையே தோல் வாரால் கட்டியிருந்தார்கள். பறந்து போய் வேகம் குறைந்து விழும்போது அந்த வாள் சுழன்று கூட்டத்துக்குள் பாயும். குறி தவறாமல் அடிக்கும் ஆயுதம் இதுவல்ல. நெருக்கமாக நிற்கும் காலாட்படையையும், நெருப்புக்கும் சத்தத்துக்கும் மிரளும் குதிரை, யானை, எருதுகளையும் கலைப்பதற்கான ஆயுதம். அந்த வேலையை அது நன்றாகவே செய்தது.

'ராக்கெட்டைக் கண்டுபிடித்தவர் திப்பு' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றுகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிப் பேச்சுப் போட்டியிலும் அதையே சொல்கிறார்கள். அது சரியல்ல. வெடிமருந்து ராக்கெட் சீனாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டது. முகலாயர் படைகளிலும் வாணங்கள் இருந்தன. ஹைதரின் தந்தை ஃபத்ஹ் முஹம்மத் ஆற்காட்டு நவாபிடம் ஐம்பது ராக்கெட் வீரர்களின் தலைவராகப் பணியாற்றியவர் என்பது குறிப்பு. அதாவது மைசூர் ராக்கெட்டின் கதை ஒரு வகையில் நம் ஆற்காட்டிலிருந்தே தொடங்குகிறது. ஹைதரும் திப்புவும் செய்தது, இரும்புக் குழாயை மேம்படுத்தி, ராக்கெட்டை வேடிக்கைப் பொருளாக விடாமல் ஒரு முறையான படைப்பிரிவாக வளர்த்ததுதான். ஹைதர் காலத்தில் சுமார் 1,200 ஆக இருந்த ராக்கெட் வீரர்கள் திப்பு காலத்தில் 5,000 வரை ஆனார்கள் என்கிறார்கள். 'ஃபத்ஹுல் முஜாஹிதீன்' என்ற படை ஒழுங்கு நூலை ஜைனுல் ஆபிதீன் ஷுஷ்தரியைக் கொண்டு திப்பு எழுத வைத்தார். ராக்கெட் வீரர்களின் பணியும் அதில் வகுக்கப்பட்டிருந்தது. இந்த உண்மையே போதிய பெருமை. அதன்மேல் இல்லாததை ஏற்ற வேண்டியதில்லை.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது 600 ஏவுகருவிகள், பயன்படுத்தத் தயாராக இருந்த 700 ராக்கெட்டுகள், மருந்து அடைக்காத 9,000 குழாய்கள் ஆங்கிலேயர் கைக்குப் போயின. சில லண்டன் வுல்விச் ஆயுதச் சாலைக்கு அனுப்பப்பட்டன. அங்கே வில்லியம் காங்கிரீவ் ஆராய்ந்து உருவாக்கிய ராக்கெட் 1806-ல் பிரான்ஸின் பூலோன் துறைமுகத்தின் மீதும், 1807-ல் கோபன்ஹேகன் மீதும் பாய்ந்தது. 1814-ல் அமெரிக்காவின் பால்டிமோர் மீது ஏவப்பட்டவையும் அவைதாம். அமெரிக்க தேசிய கீதத்தில் ராக்கெட் வெளிச்சம் பற்றி ஒரு வரி வருவது அதனால்தான்.

ராமேஸ்வரத்து மண்ணின் மைந்தர் அப்துல் கலாம் 1960-களில் பயிற்சிக்காக அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்துக்குச் சென்றபோது, வரவேற்பறையில் ஓர் ஓவியத்தைப் பார்த்தார். கருத்த நிறத்து வீரர்கள் ராக்கெட் ஏவும் போர்க்களம். அருகில் போய்ப் பார்த்தபோது அது திப்புவின் படை என்று தெரிந்தது. 'அக்னிச் சிறகுகள்' நூலில் இதை அவர் எழுதியிருக்கிறார். புள்ளலூர்ப் போரின் மற்றொரு ஓவியம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் பாக் மாளிகையின் மேற்குச் சுவரை நிறைத்திருக்கிறது. பல்லக்கில் பெய்லி, அவரைச் சுற்றிச் சதுரமாக நிற்கும் படை, வெடிக்கும் மருந்து வண்டி எல்லாம் அதில் உண்டு. சுற்றுலா போகும் குடும்பங்கள் அதன் முன் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அது காஞ்சிபுரம் பக்கத்து வயல்வெளி என்று சொல்லும் வழிகாட்டிகள் குறைவு.

இனி துப்பாக்கிகள். 'துப்பாக்கி' என்ற சொல்லே துருக்கி மொழியிலிருந்து நம்மிடம் வந்தது என்று தமிழ்ப் பேரகராதி காட்டுகிறது. 'ஃபிரங்கி'யிலிருந்து பீரங்கி வந்ததைப் போல. முஸ்லிம் அரசர்கள் இதில் காட்டிய ஆர்வம் பழையது. அக்பர் காலத்து 'ஆயினே அக்பரி' 17 குழல்களை ஒன்றாகப் பிணைத்து ஒரே திரியால் சுடும் அமைப்பைப் பற்றிச் சொல்கிறது. ஒரே மாடு சுற்றி வர 16 குழல்களைத் துடைத்துச் சுத்தம் செய்யும் சக்கரத்தைப் பற்றியும் சொல்கிறது. செக்கு மாட்டைப் பார்த்தவர் எவரோ யோசித்த யோசனை போலத் தோன்றுகிறது நமக்கு.

திப்புவின் பட்டறைகள் ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூர், சித்ரதுர்கா, பிதனூர் ஆகிய இடங்களில் இருந்தன. 'தாராமண்டல் பேட்டை' என்று அவற்றைக் குறிப்பிட்டார்கள். 1788-ல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியிடம் போன தூதுக் குழுவின் வழியாகப் பிரெஞ்சுக் கைவினைஞர்களும் வந்து சேர்ந்தார்கள். அப்போது இந்தியாவில் பெரும்பாலும் புழங்கியது எரியும் திரியை வைத்துச் சுடும் துப்பாக்கி. மழை பெய்தால் திரி அணைந்துபோகும். திப்புவின் பட்டறைகள் சிக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி பறக்கும் விசைத் துப்பாக்கிகளைச் செய்தன.

சுல்தானுக்கென்று செய்தவை ஒரு தனி ரகம். குழலிலும் கட்டையிலும் 'பபரி' எனப்படும் புலிவரி, விசை உறுப்புகளில் புலித்தலை, ஹைதரின் பெயரைக் கோத்த முத்திரை. ஆண்டு ஹிஜ்ரியில் இருக்காது. திப்பு தானே வகுத்த மவ்லூதி நாட்காட்டியில் இருக்கும். கைத்துப்பாக்கிகள் சில இணை இணையாக, கண்ணாடியில் பார்ப்பதுபோலச் செய்யப்பட்டவை. ஒன்றின் விசை வலப்புறம், மற்றதில் இடப்புறம்.

இவற்றிலும் அபூர்வமானது ஒரே குழலில் இரண்டு முறை சுடும் துப்பாக்கி. குழலுக்குள் மருந்து, குண்டு, அதன்மேல் மறுபடி மருந்து, குண்டு என்று அடுக்கி வைப்பார்கள். முன்னால் இருப்பதை முதலில் வெடிக்க வேண்டும், பிறகுதான் பின்னால் இருப்பது. நடுவில் இருக்கும் அடைப்பு சரியாக இல்லாமல் நெருப்பு பின்னால் கசிந்தால் இரண்டும் ஒன்றாக வெடித்துச் சுடுபவரின் கையையே கொண்டு போய்விடும். அதனால் மிக நுட்பமான கைவேலை தேவை. உலகெங்கும் இந்த வகை அதிகம் செய்யப்படாததற்கும் அதுவே காரணம். திப்புவுக்குரிய இப்படிப்பட்ட துப்பாக்கி ஒன்று 2015-ல் லண்டனில் போன்ஹாம்ஸ் ஏலத்தில் 7 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது. சூறையாடிக் கொண்டுபோன பொருளுக்கு இன்று இத்தனை விலை. தோற்கடிக்கப்பட்டவரின் வாரிசுகளோ கொல்கத்தாவுக்கு நாடு கடத்தப்பட்டுச் சிதறிப் போனார்கள்.

இந்தப் போரைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஆங்கிலேயர் பக்கம் நின்ற ஆற்காட்டு நவாப் முஹம்மத் அலி வாலாஜாவும் முஸ்லிம்தான். பெய்லியின் படையில் மடிந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். ஹைதரின் படையெடுப்பில் எரிந்த ஊர்களும் நம் தமிழ் ஊர்களே. இதை மதப்போராகச் சித்திரிப்பவர்கள் எந்தத் தரப்பில் இருந்தாலும் வரலாற்றைப் படிக்காதவர்கள்.

மண்ணுக்குள் இன்னும் என்ன இருக்கிறது?

2018 ஜூலையில் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் நகரா என்ற ஊரில், பழைய பிதனூரில், வறண்ட கிணறு ஒன்றைத் தோண்டியபோது மண்ணில் வெடிமருந்து வாடை வீசியது. தொல்லியல் துறையினர் மேலும் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட துருப்பிடித்த இரும்புக் குழாய்கள் கிடைத்தன. எல்லாம் திப்பு காலத்து ராக்கெட்டுகள். 2002-லேயே அந்தப் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்டவை கிடைத்திருந்தன. அவை என்னவென்று அடையாளம் காணவே சில ஆண்டுகள் ஆயின.

ஒரு சாண் நீளம், ஒரு பக்கம் அடைத்த துருப்பிடித்த இரும்புக் குழாய். திருவள்ளூர் பக்கம் வீட்டு மனைக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ, ஏரி தூர்வாரும்போதோ, கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைக்கு மண் எடுக்கும்போதோ அப்படியொன்று கிடைத்தால் எங்கே போகும்? பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். அங்கிருந்து உருக்காலைக்கு. கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலைகளுக்குக் குறைவில்லை. நம் சமுதாயத்தில் பழைய இரும்பு வியாபாரம் செய்பவர்களும் கட்டட ஒப்பந்தக்காரர்களும் நிறைய இருப்பதால் இதை இங்கே சொல்கிறோம்.

அப்படிப்பட்ட குழாயையோ, பீரங்கிக் குண்டையோ, பழைய துப்பாக்கிக் குழலையோ கண்டால் தட்டிப் பார்க்காதீர்கள், சூடாக்காதீர்கள், வெட்டாதீர்கள். மருந்து காய்ந்த நிலையில் உள்ளே இருக்கலாம். காவல் நிலையத்துக்கோ வட்டாட்சியருக்கோ சொல்லுங்கள். மண்ணில் புதைந்திருந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பாட்டனார் காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கும் வீடுகளும் உண்டு. பழுது பார்த்தாலும் சுட முடியாத, வழக்கொழிந்த பழம்பொருள் துப்பாக்கிகளுக்கு 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆனால் அது அந்த வகையில் சேருமா என்பதை வீட்டிலிருப்பவர்கள் தாமே முடிவு செய்துகொள்ள முடியாது. ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, எழுத்து மூலம் காவல் துறைக்குத் தெரிவித்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட விரும்புவோர் விடுமுறை நாளில் புள்ளலூருக்குப் போகலாம். 1781 ஆகஸ்ட் 27 அன்று அதே இடத்தில் நடந்த இரண்டாவது போரில் இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு எழுப்பிய கூர்ங்கோபுர நினைவுத் தூண்கள் அங்கே வயல்களுக்கு நடுவே நிற்கின்றன. சென்னையில் என்றால் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் அந்தக் காலத்து ஆயுதங்களைப் பார்க்கலாம். இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வேறு நாளில் திட்டமிடுங்கள்.