குன்று மறைந்ததும் மாறிய தீர்ப்பு

கி.மு. 384ஆம் ஆண்டில் மார்க்கஸ் மான்லியஸ் என்பவர் உரோமாபுரியில் மக்கள் சபையின் முன் நிறுத்தப்பட்டார். முடிசூட முயன்றார் என்பது குற்றச்சாட்டு. சில ஆண்டுகளுக்கு முன் கோல் இனத்தவர் நகரைக் கைப்பற்றிய வேளையில், இரவோடிரவாகக் கப்பிற்றோல் குன்றில் ஏறிய பகைவரைத் தள்ளி வீழ்த்தியவர் இவரே. பின்னர் கடனில் மூழ்கிய ஏழைகளின் பக்கம் நின்று மேட்டுக்குடியினரின் பகையைத் தேடிக்கொண்டார்.

விசாரணை நடந்த மார்ஸ் திடலிலிருந்து அந்தக் குன்று தெரியும். வட்டியின்றிப் பணங்கொடுத்துத் தாம் மீட்ட ஏறத்தாழ 400 பேரை மான்லியஸ் அழைத்து வந்தார். மார்பின் தழும்புகளைத் திறந்து காட்டினார். பின்னர், குன்றைப் பார்த்தவாறே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று வேண்டினார். எவருக்கும் மனம் வரவில்லை. வழக்குத் தொடுத்தோர் விசாரணையை ஒத்திவைத்து, குன்று கண்ணிற் படாத ஒரு தோப்பிலே சபையை மீண்டும் கூட்டினர். அங்கே மரண தண்டனை கிடைத்தது. தாம் காத்த அதே குன்றின் பாறையிலிருந்து அவர் தள்ளிவிடப்பட்டார்.

லிவி இதனை எழுதியது மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின்பு. அத்தனையும் நடந்ததெனச் சத்தியம் செய்ய முடியாது. கூட்டங்களுக்குச் சென்று பேச்சை மட்டும் குறித்துக்கொண்டு திரும்பும் எம் போன்ற நிருபர்கள், இடத்தையும் குறிக்க வேண்டுமென்பதை லிவியிடம் கற்றிருக்கலாம்.

சிசரோ இவ்வித்தையை நன்கறிந்தவர். கி.மு. 63 நவம்பரில், சதிகாரன் கற்றிலீனைச் சாடுவதற்குச் செனற் சபையை அவர் கூட்டியது வழமையான மண்டபத்தில் அல்ல. யூப்பிற்றர் ஸ்ரேற்றர் கோயிலில். புறமுதுகிட்ட படையை நிறுத்திய தெய்வம் என்பது ஐதீகம். உரையின் முடிவில் சிசரோ அத்தெய்வத்தையே விளித்தார். அன்றிரவே கற்றிலீன் நகரை விட்டு வெளியேறினான்.

டிசம்பர் 3ஆம் திகதி, பிடிபட்ட சதிகாரர் போரம் வழியாக இட்டுச் செல்லப்பட்ட காலையிலேயே, கப்பிற்றோலில் யூப்பிற்றரின் புதிய சிலையும் நிறுவப்பட்டது. இது தெய்வச் செயலன்றி வேறென்ன என்று மக்களிடம் கேட்டார் சிசரோ. சிலை வேலை நெடுநாளாகத் தாமதப்பட்டிருந்தது. அன்றே முடிந்தது தற்செயலா என்று ஐயுறுவோர் உளர். நானும் அவர்களில் ஒருவன். சகுனங்களில் தமக்கு நம்பிக்கையில்லை என்று பின்னாளில் எழுதியவர் அவர்.

கி.மு. 52இல் இடம் அவருக்கு எதிராகத் திரும்பியது. மைலோவின் வழக்கிலே போரத்தைச் சுற்றிப் பொம்பேயின் படைவீரர் நின்றனர். சிசரோ தடுமாறினார்; மைலோ நாடு கடந்தார்.

கி.மு. 43இல் மார்க் அன்ரனியின் ஆட்கள் சிசரோவைக் கொன்றனர். வெட்டிய தலையையும் கையையும் அன்ரனி காட்சிக்கு வைத்தது, அவர் மக்களிடம் பேசிவந்த அதே மேடையில்.