கப்பலேறிய முன்னோரும் கடல் கடந்த பாடலும்

வரலாறு என்றால் அரசர்தம் பட்டப் பெயர்களும் அவர்கள் நடத்திய போர்களுமே என்று நமக்கு நெடுங்காலம் கற்பிக்கப்பட்டு வந்தது. ஏர் பிடித்தவன் வரலாறும், நாற்று நட்டவள் வரலாறும், பறை கொட்டி ஊருக்குச் செய்தி சொன்னவன் வரலாறும் ஏட்டில் ஏறவில்லை. ஏட்டில் ஏறாத வரலாறு எங்கே தங்கும்? பாட்டில் தங்கும், பாட்டியின் பேச்சில் தங்கும், சில வேளைகளில் அயலான் எழுதி வைத்த கணக்குப் புத்தகத்திலும் தங்கும். நம் கல்விச் சங்கத்தின் இவ்வெள்ளி விழா மலரில் அத்தகைய வரலாறு ஒன்றை இளைஞர் முன் வைக்க விரும்புகிறோம். அது நம் முன்னோரை ஏற்றிச் சென்ற கப்பல்களின் வரலாறு. அதனைச் சொல்லத் தொடங்குமுன், கப்பலைப் பாட்டில் வைத்துக் காத்த வேறொரு மக்களைப் பற்றி அறிந்துகொள்வது நலம்.

ஜமைக்காத் தீவின் பாடல்

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்று ஜமைக்கா. அங்கு 1960ஆம் ஆண்டுகளின் இறுதியில், கிங்ஸ்டன் நகரத்து ஏழை மக்களிடையே ‘ரெகே’ என்னும் இசை பிறந்தது. பாப் மார்லி (1945–1981), பீட்டர் டோஷ் (1944–1987), ‘பர்னிங் ஸ்பியர்’ என்ற பெயரில் பாடும் வின்ஸ்டன் ராட்னி ஆகியோர் அதனை உலகறியச் செய்தனர். 2018இல் யுனெஸ்கோ நிறுவனம் இவ்விசையை மானிட குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

இப்பாடல்களில் அடிமைக் கப்பல் மீண்டும் மீண்டும் வருகிறது. மார்லி 1973இல் பாடிய ‘ஸ்லேவ் டிரைவர்’ என்னும் பாடல் கப்பலில் நேர்ந்த கொடுமையை நினைவூட்டி, இன்றைய வறுமையையும் எழுத்தறிவின்மையையும் அதே சங்கிலியின் கண்ணிகளாகக் காட்டுகிறது. 1980இல் வெளிவந்த ‘ரிடெம்ப்ஷன் சாங்’ தம் முன்னோர் கவரப்பட்டு வணிகக் கப்பலுக்கு விற்கப்பட்ட செய்தியோடு தொடங்குகிறது. மனத்தின் அடிமைத்தளையைத் தாமே அறுத்தல் வேண்டும் என்று அது கூறும் கருத்து, ஜமைக்காவில் பிறந்த கறுப்பின மக்கள் தலைவர் மார்க்கஸ் கார்வி 1937இல் ஆற்றிய உரையிலிருந்து பெறப்பட்டது. பர்னிங் ஸ்பியர் 1975இல் பாடிய ‘ஸ்லேவரி டேஸ்’, அடிமை நாட்களை நினைவில் வைத்திருக்கிறீர்களா என்று தம் மக்களையே வினவுகிறது.

ஏன் இந்த நினைவு? அட்லாண்டிக் கடலைக் கடக்க ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்க மக்கள் கப்பலேற்றப்பட்டனர் என்று ஆய்வாளர் கணக்கிடுவர். அவருள் ஏறக்குறைய 18 லட்சம் பேர் கடலிலேயே மடிந்தனர். ஜமைக்காவில் மட்டும் சுமார் 10 லட்சம் பேர் இறக்கப்பட்டனர். 1781ஆம் ஆண்டு ஜமைக்கா நோக்கிச் சென்ற ‘சாங்’ என்னும் கப்பலிலிருந்து 130க்கு மேற்பட்டோர் உயிருடன் கடலில் வீசப்பட்டனர். குடிநீர் குறைந்துவிட்டது என்பது மாலுமிகள் சொன்ன காரணம். ‘இழந்த சரக்குக்கு’ ஈடாகக் காப்பீட்டுப் பணம் வேண்டுமென்று கப்பல் உரிமையாளர் 1783இல் இலண்டன் நீதிமன்றத்தில் வழக்காடினர். மனிதரைக் கொன்ற குற்றத்திற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. வீசப்பட்டோரின் பெயர்களும் எழுதப்படவில்லை. பெயரற்றுப் போனவர்களுக்கே ஜமைக்காவின் பாடகர் தம் பாட்டால் நடுகல் நாட்டினர்.

நம் கரையிலும் அடிமைக் கப்பல்

தாம்பரத்திற்கும் ஜமைக்காவுக்கும் என்ன தொடர்பு என்று இளைஞர் வினவலாம். அடிமைக் கப்பல் அட்லாண்டிக் கடலில் மட்டும் ஓடவில்லை. நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் ஓடியது.

சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டில் டச்சுக் கம்பெனியார் 1613இல் ஜெல்திரியா கோட்டையைக் கட்டினர். அங்கிருந்து ஏற்றுமதியான துணியின் கதையைப் பலரும் அறிவர். மனிதரும் ஏற்றுமதியாயினர் என்பதை அறிந்தோர் சிலரே. பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் இவ்வணிகம் பெருகிற்று. 1659 முதல் 1661 வரையிலான காலத்தில் மட்டும், தஞ்சை நாயக்கர் நாட்டில் போரும் பஞ்சமும் நிலவியபோது, 8,000 முதல் 10,000 பேர் வரை வாங்கப்பட்டு இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டனர். பத்தேவியா என்பது இன்றைய ஜகார்த்தா நகரம். 1694 முதல் 1696 வரை சோழமண்டலக் கரையிலிருந்து இலங்கைக்குத் தனியார் கொண்டு சென்ற அடிமைகள் 3,859 பேர் என்று கணக்கு இருக்கிறது.

டச்சுக்காரர் மட்டுமா? நம் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1687இல், கடல் வழியே அனுப்பப்படும் ஒவ்வோர் அடிமைக்கும் ஒரு வராகன் சுங்கம் விதிக்கப்பட்டது. கோல்கொண்டாவை வென்ற முகலாயரின் எதிர்ப்பு எழுந்த பின்னரே, 1688இல், அவ்வணிகம் அங்குத் தடை செய்யப்பட்டது. அரிசிக்கும் துணிக்கும் போலவே மனிதனுக்கும் சுங்கம் கட்டிய துறைமுகம் நம் துறைமுகம் என்பதை நாம் மறத்தலாகாது.

ஒப்பந்தக் கப்பல்

இங்கிலாந்து அரசு 1833இல் இயற்றிய சட்டம் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதி அச்சட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. அடிமைகளை வைத்திருந்தோருக்கு 2 கோடி பவுன் இழப்பீடு தரப்பட்டது. அடிமைகளுக்கோ ஒரு காசும் தரப்படவில்லை. அவ்விழப்பீட்டிற்காக அரசு வாங்கிய கடன் 2015இல்தான் முற்றும் அடைபட்டது என்றால் அதன் அளவை உணரலாம்.

கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. தோட்ட முதலாளிகள் இந்தியாவை நோக்கினர். 1834இல் மொரீசியசுக்கும், 1838இல் பிரிட்டிஷ் கயானாவுக்கும், 1845இல் ரெகே பிறந்த அதே ஜமைக்காவுக்கும் கல்கத்தாவிலிருந்து கப்பல்கள் சென்றன. மார்ட்டினிக் தீவில் 1853இல் வந்து இறங்கிய ‘ஒரேலி’ என்னும் பிரெஞ்சுக் கப்பல் நம் பக்கத்திலுள்ள புதுச்சேரியிலிருந்து சென்றதாகும்.

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரோ’ என்னும் கப்பல் 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அந்நாளில் சென்னைக்குக் கட்டப்பட்ட துறைமுகம் இல்லை. கப்பல் அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகில் மக்கள் அலையைக் கடந்து கப்பலேறுவர். கிணற்றையும் ஏரியையும் அன்றி நீர்ப்பரப்பையே கண்டிராத உழவுக் கூலிகள், கைக்குழந்தையுடன் அவ்வலையைக் கடந்த காட்சியை எண்ணிப் பாருங்கள்! 1911 வரை நேட்டால் சென்றோர் மொத்தம் 1,52,184 பேர். அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறையில் கப்பலேறியவர். 1903 முதல் பிஜித் தீவுக்கும் சென்னையிலிருந்து ஆட்கள் அனுப்பப்பட்டனர்.

ஒப்பந்தமும் அடிமைத்தனமும் ஒன்றே என்று கூறுதல் பொருந்தாது. ஒப்பந்தக் கூலிக்கு ஐந்தாண்டு என்ற எல்லை இருந்தது. சிறிதேனும் கூலி இருந்தது. அவன் பெற்ற பிள்ளை முதலாளியின் உடைமை ஆகவில்லை. எனினும் வேலைக்கு வராதவனைச் சிறைக்கு அனுப்பவும், கூலியைப் பிடித்தம் செய்யவும் சட்டம் இடம் தந்தது. ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் தங்க விரும்பியவர் தலைக்கு ஆண்டுதோறும் 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் பிறந்தது. 1913இல் சுரங்கத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் பெரும் வேலைநிறுத்தம் செய்த பின்னரே, 1914இல், அவ்வரி நீங்கிற்று. தாம் கைநாட்டு வைத்த தாளில் என்ன எழுதியிருந்தது என்பதைப் படித்தறியும் ஆற்றல் அவருள் மிகப் பலருக்கு இல்லை.

கப்பலுக்கு முன்னே சேரி

இங்கே நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஜமைக்காவின் பாடகருக்குக் கப்பல்தான் அடிமைத்தனத்தின் வாயில். கப்பலுக்கு முன்னே அவர்தம் பாட்டில் இருப்பது ஆப்பிரிக்கா என்னும் தாய்நிலம். அதற்கே மீளவேண்டும் என்று அவர் ஏங்குவர். நமக்கோ, கப்பலுக்கு முன்னே இருந்தது சேரி.

இன்றைய தாம்பரம், பல்லாவரம், பரங்கிமலை, வண்டலூர் முதலிய பகுதிகள் எல்லாம் பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. அந்த ஜில்லாவில் நம் மக்கள் படியாளாகவும் பண்ணையாளாகவும் கட்டுண்டு கிடந்தனர். 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம், ஒருவன் மற்றொருவனைத் தன் அடிமை என்று நீதிமன்றத்தில் உரிமை கொண்டாடுவதைத் தடுத்தது. 1862 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமை வாணிகத்தைக் குற்றமாக்கியது. சட்டம் மாறிற்று, சேரி மாறவில்லை. செங்கல்பட்டில் கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரெமன்கீர் 1891இல் நம் மக்களைப் பற்றி எழுதிய அறிக்கை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத அவர்தம் நிலையை அரசுக்கு எடுத்துரைத்தது. மிராசுதாரின் சினத்திற்கு ஆளானால் குடிசையும் போகும் என்பதே அன்றைய நிலை. அவ்வறிக்கையின் பயனாக 1892இல் பிறந்த அரசாணையே, பின்னாளில் பஞ்சமி நிலம் என வழங்கப்பட்ட நிலங்களுக்கு அடிப்படையாயிற்று.

ஆகவே நம் முன்னோர் கப்பலேறியதை ஏமாற்றம் என்ற ஒரு சொல்லால் மட்டும் விளக்கிவிட முடியாது. தரகன் பொய் சொல்லி அழைத்தது உண்மை. 1876–78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சம் துரத்தியது உண்மை. ஊரில் தனக்கு மனையும் மதிப்பும் இல்லை என்று கண்டவன், கடலுக்கு அப்பால் என்ன இருப்பினும் இருக்கட்டும் என்று துணிந்ததும் உண்மையே. அவனுக்குக் கப்பல் ஒரே வேளையில் பொறியாகவும் வழியாகவும் இருந்தது. ‘கடல் கடந்தால் சாதி கெடும்’ என்று அஞ்சியோர் உண்டு; கெடுவதற்கு நற்பெயர் எதனையும் சாதி அவனுக்குத் தந்திருக்கவில்லை. நம் வரலாற்றைப் பாடுவோர் கப்பலை மட்டும் பாடினால் போதாது. கரையையும் சேர்த்துப் பாட வேண்டும்.

இலங்கைக்குச் சென்றோர் கதையும் இத்தகையதே. கங்காணியிடம் பட்ட முன்பணக் கடன், ‘துண்டு’ என்னும் சீட்டின் வழியே தோட்டத்திற்குத் தோட்டம் அவர்களைத் தொடர்ந்தது. மன்னாரிலிருந்து கண்டிச் சீமை வரை காட்டு வழியே நடந்து, காய்ச்சலாலும் பேதியாலும் மாண்டோர் மிகப் பலர். அவர்தம் வழித்தோன்றல்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் முடிவு செய்தது. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்திற்கு மீண்டும் கப்பலேறி வந்தவர்களை, தாயகம் முகாமில் வைத்து வரவேற்றது.

எண்ணும் எழுத்தும்

ஜமைக்காவின் முன்னோருக்குக் கிட்டாத ஒன்று நம் முன்னோருக்குக் கிட்டியிருக்கிறது. நேட்டால் சென்ற ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அவ்வெண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியவை கப்பல் பட்டியலில் எழுதப்பட்டன. ஆளைப் பிடித்து வைப்பதற்காக எழுதப்பட்ட அப்பட்டியல் தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. மொரீசியஸ் நாட்டில் மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம், அங்கு வந்திறங்கியோரின் நிழற்படங்களையும் காத்து வருகிறது. அவர்கள் கரையேறிய ‘ஆப்ரவாசி காட்’ என்னும் இடத்தை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. தோட்டக்காரன் தன் இலாபத்திற்காக எழுதிய எழுத்து, இன்று பேரப்பிள்ளைகள் தம் பாட்டனைத் தேடும் வழியாக மாறியிருக்கிறது.

எழுத்தின் வலிமைக்கு நம் சமுதாயத்திலேயே ஒரு சான்று உண்டு. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்து, 1893இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனார், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமும் கடல் கடந்து தென்னாப்பிரிக்கா சென்றார். அவர் அங்கு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அதே செங்கல்பட்டுச் சீமையிலிருந்து சென்றவருள் ஒருவர் கரும்பு வெட்டினார். ஒருவர் நீதிபதியின் முன் நின்று தம் மக்களின் சொல்லை ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார். இவ்விருவருக்கும் இடையே நின்றது கல்வி ஒன்றே. பின்னர் அப்பெரியார் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நமக்காக வாதாடியதை நாடறியும்.

இளைஞர் கடமை

நமக்கும் பாடல் இல்லாமல் இல்லை. மலையகத் தோட்டங்களில் பெண்கள் பாடிய நாட்டுப் பாடல்கள் உண்டு. பிஜியில் துன்புற்ற பெண்களுக்காகப் பாரதியார் பாடிய பாடல் உண்டு. 2017இல் சென்னையில் தோன்றிய ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு கானாவோடு பிற நாட்டு இசையையும் சேர்த்துச் சாதிக் கொடுமையைப் பாடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வை உள்ளத்தில் வைத்து அறிவு எழுதிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ 2021இல் உலகெங்கும் கேட்கப்பட்டது. ஜமைக்கா இளைஞர் செய்த பணியை நம் இளைஞரும் தொடங்கிவிட்டனர் என்று நாம் மகிழலாம்.

ஆயினும் பாட்டுக்குப் பொருள் வேண்டும். பொருள் முதியோரிடம் இருக்கிறது. நம் பகுதியில் எத்தனையோ குடும்பங்களில் ‘நெட்டால்’, ‘மோரீசு’, ‘கண்டிச் சீமை’ என்ற சொற்கள் ஒரு காலத்தில் வழங்கின. கூலியாகப் போனது இழிவு என்று கருதி அதனைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் மறைத்தவர் பலர். இழிவு போனவருடையது அன்று. அனுப்பியவருடையது, விற்றவருடையது, சுங்கம் வாங்கியவருடையது. இதனை நாம் தெளிய வேண்டும்.

எனவே இளைஞர்களை ஒன்று வேண்டுகிறோம். உங்கள் தெருவிலுள்ள முதியோரிடம் சென்று, அவர்தம் குடும்பத்தில் கடல் கடந்தவர் யார், எவ்வாண்டு, எந்த ஊரிலிருந்து, திரும்பினாரா என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதை நம் சங்கத்து நூலகத்தில் சேருங்கள். இப்பெயர்களும் அக்கப்பல் பட்டியலிலுள்ள பெயர்களும் என்றேனும் ஒருநாள் ஒன்றோடொன்று சந்திக்கும். சங்கத்தின் பொன்விழா மலர் வெளிவரும் நாளில், அயலான் எழுதிய கணக்கிலிருந்து அன்றி, நம் கையால் எழுதிய ஏட்டிலிருந்தே இவ்வரலாறு சொல்லப்படுமாக!