மழைக் கணக்கு பார்த்த அமெரிக்க அதிபர்

சேவுகம்பட்டி போன்ற திண்டுக்கல் சமவெளி ஊர்களில் விவசாயி வானம் பார்ப்பது புதிதல்ல. ஆனால் இந்தியாவில் எங்கே மழை பெய்தது, எங்கே பொய்த்தது என்பதை வாஷிங்டனில் இருந்தபடி ஓர் அமெரிக்க அதிபரும் கவனித்து வந்தார் என்பது பலர் அறியாத செய்தி. அவர் லிண்டன் ஜான்சன். 1965, 1966 என அடுத்தடுத்து பருவமழை பொய்த்தது. 1966இல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் இறக்குமதியானது. அமெரிக்கக் கோதுமையை நீண்டகால ஒப்பந்தத்தில் தராமல், சிறுகச் சிறுகவே விடுவித்தார் ஜான்சன். விவசாயத்தைச் சீர்திருத்த வேண்டும் என்பது அவர் நிபந்தனை.

இதை வைத்து, பசுமைப் புரட்சியே ஜான்சனின் நெருக்கடியால் பிறந்தது என்று சிலர் வாதிடுகிறார்கள். காலவரிசை அதை ஏற்கவில்லை. பொள்ளாச்சிப் பகுதியில் பிறந்த சி. சுப்பிரமணியம் 1964இல் உணவு அமைச்சரானார். 1965 ஜனவரியிலேயே இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. வேளாண் விலைக் குழுவும் அதே மாதம் அமைந்தது. அமெரிக்க வேளாண் அமைச்சர் ஃப்ரீமேனுடன் சீர்திருத்தம் குறித்து ரோமில் சுப்பிரமணியம் உடன்பாடு கண்டதோ அந்த ஆண்டு நவம்பரில்தான். இந்தச் சீர்திருத்தத்துக்கு அந்நியச் செலாவணி தரக் கை விரித்தவர்களை இணங்க வைக்க வெளி நெருக்கடி உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் நெருக்கடி வேகத்தைத்தான் கூட்டியது. பாதையை வகுத்தது சுப்பிரமணியம். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை வரவழைத்த துணிச்சலும் அவருடையதே. அந்தப் பெருமையை நம் பாடநூல்கள் அவருக்கு முழுமையாகத் தர வேண்டும்.