நோயாளர் பாதுகாப்புக் கல்வி

சிகிச்சையே நோயாளிக்குத் தீங்காகிவிடாமல் காக்கும் திறன்களை மருத்துவ மாணவர்களுக்குப் பயிற்றுவிப்பது நோயாளர் பாதுகாப்புக் கல்வி. தனிப் பாடமாக இதற்கு வயது குறைவு, முன்கதை பழையது.

1847-இல் வியன்னா பொது மருத்துவமனையில், மாணவர்கள் பயின்ற பிரசவப் பிரிவில் மருத்துவச்சிகள் பயின்ற பிரிவைவிடத் தாய்மார் அதிகம் இறந்துகொண்டிருந்தனர். பிணங்களை அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று அங்கு பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு, சில மாதங்களில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. அப்படியும் மூத்தவர்கள் பலர் அவரை ஏற்கவில்லை.

அதன்பின் நெடுங்காலம், பிழை என்றாலே செய்தவரின் கவனக்குறைவு என்றுதான் மருத்துவ உலகம் பேசியது. 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க அறிக்கை இதை அசைத்தது. மருத்துவப் பிழைகளால் அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கலாம் என்றது அது. அந்த எண்ணைப் பற்றிய சர்ச்சை ஓயவில்லை. ஆனால், ஆளைத் திட்டுவதைவிட வேலைமுறையைத் திருத்த வேண்டும் என்ற வாதம் நிலைத்துவிட்டது.

2005-இல் இங்கிலாந்தில் எலைன் புரோமிலி என்ற பெண்ணுக்கு சைனஸ் அறுவைக்காக மயக்க மருந்து கொடுத்ததும் சுவாசப் பாதை அடைபட்டது. அனுபவசாலிகளான மருத்துவர்கள் வாய்வழியே குழாய் செலுத்தும் முயற்சியிலேயே மூழ்கிவிட்டனர். கழுத்தில் துளையிடும் கருவிகளைச் செவிலியர் ஒருவர் கொண்டுவந்து சொல்லியும் யார் காதிலும் ஏறவில்லை. எலைன் சில நாட்களில் இறந்தார். விமானியான அவரது கணவர் மார்ட்டின், விமான ஓட்டிகளின் குழுப் பயிற்சி மருத்துவர்களுக்கும் வேண்டும் என்று இயக்கமே தொடங்கினார்.

2006-இல் அமெரிக்காவில் வந்த 'டீம்ஸ்டெப்ஸ்' பயிற்சி, பெரியவர்களைத் தடுத்துப் பேசப் படிப்படியான முறை வகுத்தது: முதலில் கவலையாக இருக்கிறது என்பது, அடுத்து மனம் ஒப்பவில்லை என்பது, கடைசியில் இது நோயாளியின் பாதுகாப்புப் பிரச்சினை என்பது. 2009-இல் உலக சுகாதார நிறுவனம் மருத்துவக் கல்லூரிகளுக்காக 11 தலைப்புகளில் பாடத்திட்ட வழிகாட்டி வெளியிட்டது. 2011-இல் செவிலியர், பல் மருத்துவம், மருந்தியல் மாணவர்களையும் அது சேர்த்துக்கொண்டது.

இந்தியாவில் 2019-இன் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், முதலாண்டின் தொடக்கப் பயிற்சியிலேயே இதற்கு இடம் தந்தது. கைகழுவுவதைச் சொல்லிக்கொடுப்பதும் சோதிப்பதும் எளிது. பேராசிரியரின் கையைத் தடுக்கப் பழக்குவது கடினம். மதிப்பெண் போடுபவரும் அவர்தானே! பொம்மை நோயாளியை வைத்து நடத்தும் பயிற்சிகளில் இதற்கொரு வழி உண்டு. பெனிசிலின் ஒவ்வாமை உள்ளதாகக் குறிப்பேட்டில் எழுதியிருக்க, மூத்த மருத்துவராக நடிப்பவர் வேண்டுமென்றே அதே ஊசியைப் போடச் சொல்வார். மாணவர் மறுக்கிறாரா, எப்படி மறுக்கிறார் என்பது பிறகு கூடிப் பேசப்படும்.