பிளவுண்ட நகரும் பங்க் இசைக் கூடங்களும்: பெல்பாஸ்ற் 1977 – 1982

வட அயர்லாந்தின் தலைநகரான பெல்பாஸ்ற்றில் 1970களின் பிற்பகுதியிலே தோன்றிய பங்க் றொக் இசை பற்றி இன்று பேசுவோர் பெரும்பாலும் ஒரே கூற்றினையே மீட்டுரைப்பர். கத்தோலிக்க இளைஞரையும் புரட்டஸ்தாந்த இளைஞரையும் அரசியல்வாதிகளாலும் மதகுருமாராலும் ஒருங்கு சேர்க்க முடியாதிருந்த காலத்தில், கித்தாரின் மூன்று சுரக்கோவைகள் அவர்களை ஒருங்கு சேர்த்தன என்பதே அக்கூற்று. அக்கால இளைஞர்களின் நினைவுரைகளிலும், 2012ஆம் ஆண்டில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ‘குட் வைபிறேஷன்ஸ்’ என்னும் திரைப்படத்திலும் இது நன்கு நிலைபெற்றுவிட்டது. இக்கூற்று முற்றிலும் பொய்யன்று. ஆயின், ஒருங்குசேர்க்கும் ஆற்றல் இசைக்கு இயல்பாகவே உண்டு என்று கொள்வோமாயின், அவ்வொன்றுகூடல் ஏன் அந்நகரில், அவ்வாண்டுகளில், குறிப்பிட்ட சில கட்டடங்களில் மட்டும் நிகழ்ந்தது என்பதும், அது ஏன் நிலைக்கவில்லை என்பதும் விளங்காமலே போய்விடும். இவ்வினாக்களை எழுப்ப வேண்டியதன் அவசியத்தை நமது வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

பெல்பாஸ்ற் லினன் ஆலைகளும் கப்பல் கட்டுந் துறையும் உருவாக்கிய நகரமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கிராமங்களிலிருந்து வந்து குவிந்த தொழிலாளர் மதவாரியான குடியிருப்புகளில் அமர்ந்தனர். கப்பல் கட்டுந் துறையின் தேர்ச்சிபெற்ற தொழில்கள் பெருமளவிற்குப் புரட்டஸ்தாந்தரின் கையில் இருந்தன. வர்க்க ஒருமைப்பாடு இந்நகரில் தோன்றவே இல்லை என்று கூறுதல் தவறாகும். 1907ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லார்க்கின் தலைமையில் நடந்த துறைமுக வேலைநிறுத்தமும், 1932 ஒக்ரோபரில் நிவாரணக் கொடுப்பனவு தொடர்பாக வேலையற்றோர் நடத்திய கிளர்ச்சியும் இரு சமூகத்தவரையும் ஒரே அணியில் நிறுத்தின. ஆனால் 1920இலே கப்பல் தளத்திலிருந்து கத்தோலிக்கத் தொழிலாளர் துரத்தப்பட்டபோது, அவர்களோடு சோஷலிசச் சார்புடைய புரட்டஸ்தாந்தரும் சேர்த்தே துரத்தப்பட்டனர். 1932இன் ஒற்றுமை கண்ட அதே தெருக்களில் 1935இல் மதக் கலவரம் நிகழ்ந்தது. 1974 மே மாதத்தில் நடந்த பெருவேலைநிறுத்தமோ, அதிகாரப் பகிர்வு ஆட்சியைக் கவிழ்ப்பதற்காகப் புரட்டஸ்தாந்தத் தொழிலாளரைத் திரட்டி நடத்தப்பட்டது. தொழிலாள வர்க்கத்தின் மிக வலிமை வாய்ந்த ஆயுதம் அவ்வர்க்கத்தைப் பிளக்கும் கருத்துநிலையின் கையில் அகப்பட்டமைக்கு இதனினும் தெளிவான உதாரணம் ஐரோப்பிய வரலாற்றில் அரிது.

1969ஆம் ஆண்டில் ஆயுத மோதல் வெடித்த பின்னர் பல்லாயிரவர் தத்தம் சமூகத்தவர் வாழும் பகுதிகளுக்கு இடம்பெயர்ந்தனர். வசிப்பிடங்களுக்கிடையே ‘சமாதான மதில்கள்’ எழுந்தன. பாடசாலைகள் முன்னரே பிரிந்திருந்தன. 1972ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 480 பேர் கொல்லப்பட்டனர். நகரின் மத்திய வணிகப் பகுதியைச் சுற்றி இரும்பு வேலி அமைக்கப்பட்டு, வாயில்களில் உட்செல்வோர் உடற்சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். அந்தி சாய்ந்ததும் கடைகள் மூடப்பட்டு மக்கள் தத்தம் பகுதிக்குள் அடைந்தனர். 1975 யூலை 31ஆந் திகதி மயாமி ஷோபாண்ட் என்னும் பிரபல இசைக்குழு நிகழ்ச்சி முடிந்து திரும்பும் வழியில், இராணுவச் சோதனைச் சாவடி போன்று வேடமிட்டு நின்ற புரட்டஸ்தாந்த ஆயுதக் குழுவினரால் வழிமறிக்கப்பட்டது. அதன் உறுப்பினர் மூவர் கொல்லப்பட்டனர். இதன்பின் வெளியூர்க் குழுக்கள் பெல்பாஸ்ற்றுக்கு வர அஞ்சின. றோறி கலகர் போன்ற ஒரு சிலரே தொடர்ந்து வந்தனர்.

இவ்வெறுமையே பங்க் இசைக்கான களத்தைத் திறந்துவிட்டது என்பது எமது துணிபு. வெளியிலிருந்து கலைஞர் வாரார். எனவே உள்ளூர் இளைஞர் தாமே வாசிக்கவேண்டியிருந்தது. நகர மத்தி இரவில் எவருக்கும் உரியதாக இருக்கவில்லை. எனவே அது இரு சாராரும் வரக்கூடிய இடமாயிற்று. அங்கே மதுச்சாலை நடத்தியோருக்கு வாடிக்கையாளர் இல்லை. எனவே கிழிந்த சட்டையும் ஊக்குகளும் அணிந்து வந்த பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்துவிட்டனர். இலண்டனில் 1976இல் எழுந்த பங்க் அலை, பயிற்சியும் விலையுயர்ந்த கருவிகளும் இன்றியே எவரும் இசைக்கலாம் என்று பறைசாற்றியது. பிரித்தானியாவின் பிராந்தியங்களுள் வேலையின்மை மிக உயர்ந்திருந்த வட அயர்லாந்தில் அவ்வழைப்பு எளிதில் செவியேறியது. வந்தோர் யாவரும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளல்லர் என்பதையும் இங்கு குறித்தல் வேண்டும். கிராமர் பாடசாலை மாணவரும் கணிசமாக இருந்தனர்.

1977 ஒக்ரோபர் 20ஆந் திகதி, கிளாஷ் என்னும் இலண்டன் குழு அல்ஸ்ரர் மண்டபத்தில் இசைக்கவிருந்தது. இம்மண்டபம் 1862இல் திறக்கப்பட்டது. அயர்லாந்தின் சுயாட்சியை எதிர்த்து 1886இல் றண்டொல்ப் சேர்ச்சில் முழங்கிய மேடை அதுவே. காப்புறுதி மறுக்கப்பட்டமையால் அன்றைய நிகழ்ச்சி கைவிடப்பட்டது. பெட்போட் வீதியில் காத்திருந்த இளைஞர் கிளர்ந்தெழ, பொலிஸார் தலையிட்டனர். இக்கைகலப்பு பின்னர் ‘பெட்போட் வீதிப் போர்’ எனச் சற்று மிகையாகவே பெயர்பெற்றது. ஆனால் அதன் முக்கியத்துவத்தைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. அந்நகரின் தெருவில், கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தருமான இளைஞர் ஒருவரையொருவர் எதிர்த்து நில்லாமல், ஒரே பக்கத்தில் நின்று பொலிஸாரை எதிர்கொண்டனர். தனித்தனி வீடுகளில் தனித்தனியே இசைத்தட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோர், தம்மைப் போன்றோர் இத்தனை பேர் உளர் என்பதை அன்றிரவே கண்டுகொண்டனர். கிழக்குப் பெல்பாஸ்ற்றைச் சேர்ந்த றூடி குழுவினர் இந்நிகழ்ச்சியை வைத்தே ‘கொப்ஸ்’ என்ற பாடலை இயற்றினர்.

அடுத்து வந்தது ஹார்ப் மதுச்சாலை. சென் ஆன் பேராலயத்திற்கு அண்மையிலே ஹில் வீதியில் இருந்த இக்கட்டடத்தின் வாயிலில், குண்டுகளுக்கு அஞ்சி அக்காலப் பெல்பாஸ்ற் மதுச்சாலைகள் பலவும் செய்ததுபோல், கம்பிக்கூண்டு பொருத்தப்பட்டிருந்தது. 1978 ஏப்ரலில் அதன் மேன்மாடியிலே பங்க் நிகழ்ச்சிகள் தொடங்கின. அவுட்காஸ்ற்ஸ், றூடி, விக்ரிம் முதலிய குழுக்கள் அங்கு இசைத்தன. டவுன்ஹோல் வீதியிலிருந்த பவுண்ட் என்னும் பழைய றொக் கூடத்திலும் பங்க் குழுக்களுக்கு இடம் கிடைத்ததாயினும், அது ஏற்கெனவே வேறொரு தலைமுறைக்கு உரியதாயிருந்தது, ஹார்ப் இவர்களுக்கேயானது. அதே ஹார்ப்பில் பகல் வேளைகளில் பெண்கள் ஆடை களையும் காட்சிகள் நடத்தப்பட்டன. அக்கூடத்தைப் புனிதத் தலமாக்க விழைவோர் இதனை மறைத்துவிடுவர். மாலையில் சமத்துவம் விளங்கிய தளம், பகலில் பெண்ணுடல் விலைப்பட்ட அதே கட்டடத்தினுடையது.

அங்கு நிலவிய நடைமுறை நுணுகி நோக்கத்தக்கது. வட அயர்லாந்தில் ஒருவரின் சமூகத்தை அறிய மதத்தைக் கேட்கவேண்டியதில்லை. குடும்பப் பெயர், படித்த பாடசாலை, வசிக்கும் தெரு ஆகியவற்றுள் ஒன்று போதும். ஆங்கில நெடுங்கணக்கின் எட்டாம் எழுத்தை ஒருவர் உச்சரிக்கும் முறையே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். ஹார்ப்பிலோ இவற்றைக் கேட்பது நாகரிகமற்ற செயலாயிற்று. பட்டப்பெயர்களும் இசைக்குழுவின் பெயரைச் சுமந்த மேற்சட்டைகளும் குடும்பப் பெயரின் இடத்தைப் பிடித்தன. அங்கு வந்தோர் மதவேற்றுமையை ஆராய்ந்து, விவாதித்துக் கடந்தவரல்லர். அதுபற்றி வாய்திறப்பதில்லை என்று தமக்குள் ஓர் எழுதா ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள். அவ்வொப்பந்தம் வாயிற்கம்பிக்கு உட்பட்டது. நள்ளிரவில் வெளியேறியவர் ஒருவர் போல்ஸ் வீதிப் பக்கமும் மற்றவர் ஷங்கில் வீதிப் பக்கமுமாகவே நடந்தனர். அவ்வழியில் அந்தக் கோலமே அவர்களைத் தத்தம் சமூகத்தின் அடியாட்களுக்கு இலக்காக்கிற்று.

கிறேற் விக்ரோறியா வீதியில் ரெறி ஹூலி நடத்திய குட் வைபிறேஷன்ஸ் இசைத்தட்டுக் கடை இக்களத்தின் பகற்பொழுதுக் கூடமாக விளங்கியது. 1978 ஏப்ரலில் றூடி குழுவின் ‘பிக் ரைம்’ இசைத்தட்டுடன் அது வெளியீட்டு நிறுவனமாகவும் ஆயிற்று. தாளை மடித்து உறையாக்கும் வேலை கையாலேயே செய்யப்பட்டது. டெறி நகரத்து அண்டர்ரோன்ஸ் குழுவின் ‘ரீனேஜ் கிக்ஸ்’ அவ்வாண்டு யூனில் பெல்பாஸ்ற்றில் ஒலிப்பதிவாகிச் செப்ரெம்பரில் வெளிவந்தது. பீ.பீ.ஸி. ஒலிபரப்பாளர் ஜோன் பீல் அதனை ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து இருமுறை ஒலிபரப்பினார். சில வாரங்களுள் சயர் என்னும் அமெரிக்க நிறுவனம் குழுவினரை ஒப்பந்தம் செய்துகொண்டு, அவ்விசைத்தட்டை மீள வெளியிட்டது. சிறு உற்பத்தியாளன் கண்டெடுத்ததைப் பெருமூலதனம் கைக்கொள்ளும் கதை இசையுலகிலும் வேறல்ல. ஹூலியின் கடை 1982இல் கடனில் மூழ்கி மூடப்பட்டது.

இலக்கிய மாணவர்க்கு இவ்வரலாற்றிலே மிகுந்த பயன் தருவது, பாடற்பொருள் பற்றி எழுந்த வாக்குவாதமே. ஸ்ரிப் லிற்றில் பிங்கர்ஸ் குழுவினர் குண்டு, சோதனைச் சாவடி, ஆயுதக் குழுக்கள் ஆகியவற்றை நேரடியாகப் பாடினர். 1979இல் றப் ரிறேட் என்னும் சுயாதீன நிறுவனம் வெளியிட்ட அவர்களின் முதல் இசைத்தொகுதி பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 14ஆம் இடத்தை எய்திற்று. வரிகள் சிலவற்றை எழுதுவதில் கோர்டன் ஓகில்வி என்னும் பத்திரிகையாளர் பங்குகொண்டமையால், துயரத்தை விற்கிறார்கள் என்று உள்ளூரிலேயே குற்றஞ் சாட்டப்பட்டனர். மறுபுறத்தில் அண்டர்ரோன்ஸ், 1972 ஜனவரி 30இல் ஊர்வலம் சென்றோரில் 13 பேர் இராணுவத்தினரால் அன்றே சுட்டுக் கொல்லப்பட்ட டெறியின் பிள்ளைகளாயிருந்தும், பதின்பருவக் காதலையும் சலிப்பையுமே பாடினர்.

ஆசிரியரின் கருத்து எவ்வளவு மறைந்து நிற்கிறதோ அவ்வளவுக்குப் படைப்புக்கு நல்லது என்று 1888இல் மாகரெற் ஹாக்னஸ் அம்மையாருக்கு ஏங்கெல்ஸ் எழுதிய கடிதத்தை இங்கு மேற்கோளாட்ட எவருக்கும் ஆசை பிறக்கும். ஆயின் அதனை இயந்திரப் பாங்காகப் பொருத்தி அண்டர்ரோன்ஸுக்கு வெற்றிமாலை சூட்டுதல் சரியன்று. பத்திரிகையாளர் எழுதினார் என்பது வலுவற்ற வாதம். எழுதியவர் யார் என்பதைவிட எழுதப்பட்டது எது என்பதே திறனாய்வின் வினா. அக்குழுவின் பாடல்கள் வேலையற்ற இளைஞனின் எரிச்சலைப் பேசுமிடத்து உயிர்பெறுகின்றன. உபதேசிக்குமிடத்துச் செய்தித்தாளாகி விடுகின்றன. அண்டர்ரோன்ஸின் மௌனத்தைத் தப்பியோடுதல் என்பதும் பொருந்தாது. எந்நேரமும் தன்னை ஒரு சமூகத்தின் பிரதிநிதியாகப் பேசுமாறு வற்புறுத்தும் ஊரில், தனியொரு பையனாக ஒரு பெண்ணைப்பற்றிப் பாடுதலும் ஒரு மறுப்புத்தான்.

எனினும் மறுப்பு என்பது அமைப்பு அன்று. இவ்விளைஞருக்குத் தொழிற்சங்கத்தோடு தொடர்பிருக்கவில்லை. தொழிற்சங்கங்களும் இவர்களைக் கோமாளிகளாகவே நோக்கின. இடதுசாரிகள் இவ்விடத்திலே காட்டிய அசட்டையை மன்னித்தல் கடினம். 1932இலே வேலையற்றோரைத் திரட்டிய மரபின் வாரிசுகள், 1978இன் வேலையற்ற பிள்ளைகள் தாமாகவே ஓர் அறையில் திரண்டு நின்றபோது அவர்களோடு பேச ஒரு மொழியைத் தேடவில்லை. 1981இல் சிறையிலிருந்த குடியரசுவாதக் கைதிகளின் உண்ணாவிரதத்தில் பத்துப் பேர் மாண்டனர். ஒவ்வொரு மரணமும் ஒவ்வொரு வீட்டாரையும் ஏதேனும் ஒரு பக்கம் நிற்குமாறு நெருக்கியது. அவ்வேளையில் வாய்திறவா ஒப்பந்தம் தாங்குமா? ஹார்ப்பில் பங்க் நிகழ்ச்சிகள் முன்னரே தளர்ந்திருந்தன. சிலர் இலண்டன் சென்றனர். சிலர் இசையை விட்டனர்.

1998ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர், பேராலயத்தைச் சூழ்ந்த அத்தெருக்கள் உல்லாசப் பயணிகளுக்கான பகுதியாயின. ஹில் வீதியில் இன்று ஹார்ப் என்ற பெயரிலேயே பளபளக்கும் மதுச்சாலை ஒன்று உண்டு. பழைய ஹார்ப் அதுவன்று. காணி விலை ஏறியமை அக்களத்தின் நினைவை விற்பனைப் பொருளாக்கிற்று. அக்களம் தோன்ற ஏதுவாயிருந்ததோ அப்பகுதியின் மலிவும் கைவிடப்பட்ட நிலையும். நினைவுரைகளைப் பயன்படுத்தும் ஆய்வாளர் இம்முரணை மனங்கொள்ளுதல் அவசியம். 1979இலே அக்கூடங்களிலேயே படமாக்கப்பட்ட ஜோன் டேவிஸின் ‘ஷெல் ஷொக் றொக்’ என்ற ஆவணப்படம் இவ்வகையில் பெறுமதி மிக்கது. தொழில்நுட்பத் தரம் போதாது என்று கோர்க் திரைப்பட விழாவினர் அதனை அவ்வாண்டு நிராகரித்தனர். பின்வந்த திரைப்படத்தில் காணப்படாத வியர்வையும் தயக்கமும் அதில் உள.

வாடகைக் கூடத்தின் வரம்பை உணர்ந்தவர் சிலர் பங்க் இளைஞரிடையே இருந்தனர். வோர்சோன் என்னும் கூட்டு 1980களின் நடுப்பகுதியில் உருவாகி, ‘ஜைறோஸ்’ என்ற நிலையத்தை நகர மத்தியில் நடத்தியது. வேலையற்றோர் பெறும் உதவிப்பணக் காசோலையின் வழக்குப் பெயர் அது. ஒத்திகை அறை, அச்சிடுமிடம், மரக்கறி உணவுச்சாலை ஆகியவற்றை உறுப்பினர் தாமே பராமரித்தனர். இலாபம் எடுக்கும் உரிமையாளர் எவரும் இருக்கவில்லை. 2003இல் அது மூடப்பட்டது. 2011இல் வேறோர் இடத்தில் மீளத் திறக்கப்பட்டு, 2018வரை இயங்கியது.