உடுப்புக்குள் இருப்பவர் யார்?

மத்திய தொழிற் பாதுகாப்புப் படையின் கதை ஒரு தீயில் தொடங்குகிறது. 1964-இல் ராஞ்சி கனரகப் பொறியியல் ஆலையில் பெருந்தீ மூண்டது. நீதிபதி முகர்ஜி தலைமையில் நடந்த விசாரணை அதை நாசவேலை என்று கண்டது. பொதுத்துறை ஆலைகளுக்கெனத் தனிப்படை வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வேர்விட்டது. 1968-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1969 மார்ச் 10 அன்று மூன்று பட்டாலியன்களோடு படை பிறந்தது.

மறு ஆண்டே நம் கஞ்சமலை அடிவாரத்து எஃகு ஆலைக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். அதற்காகச் சேலத்து மக்கள் நெடுநாள் குரல் கொடுத்திருந்தார்கள். அடுத்து எஃகுத் துறை அமைச்சரானவர் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்து மோகன் குமாரமங்கலம். 1973 மே 31 அன்று, சென்னையிலிருந்து சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் டெல்லியில் இறங்குகையில் நொறுங்கியது. அதில் அவர் உயிரிழந்தார். ஆலை உற்பத்தியைத் தொடங்கியதை அவர் பார்க்கவில்லை. குடியிருப்புக்கு மோகன் நகர் என்றே பெயர்.

ஆலை எழுந்தபின் அதன் வாயிலில் நம் படை நின்றது. ஷிப்ட் மாறும் நேரத்தில் அந்த வாயிலைக் கடப்பவை எல்லாம் பழகிய முகங்கள்தாம். ஆனாலும் அட்டையைக் காட்டாமல் யாரும் உள்ளே போக முடியாது. ‘தினமும் பார்க்கிற ஆள்தானே!’ என்று சலித்துக்கொள்ளாத தொழிலாளி உண்டா? பின்னாளில் விமான நிலையங்களில் கைகொடுத்தது இந்தப் பழக்கமே.

எண்பதுகள் கடுமையான பத்தாண்டு. 1983-இல் நம் படை ஒன்றியத்தின் ஆயுதப் படையாயிற்று. 1984 ஆகஸ்டில் மீனம்பாக்கத்தில் பெட்டிகளில் இருந்த குண்டு வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் பான் ஆம் விமானத்தைக் கடத்த வந்தவர்கள், நிலையப் பாதுகாவலர் உடுப்பில் வண்டியில் வந்து ஏறினார்கள். பணிப்பெண்கள் எச்சரித்ததால் விமானிகள் வெளியேறினர். விமானம் தரையைவிட்டு எழவில்லை. பயணிகளைக் காக்க நின்ற பணிப்பெண் நீர்ஜா பனோட் உயிரைக் கொடுத்தார். மறைவுக்குப் பின் அசோக சக்கரம் பெற்றார். மறு ஆண்டு அமெரிக்காவில், வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஓர் ஊழியர், திரும்ப வாங்கப்படாத அட்டையுடன் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒரு விமானத்தையே வீழ்த்தினார். 43 பேர் இறந்தார்கள். கராச்சியில் உடுப்பு பொய். அமெரிக்காவில் அட்டை மெய், ஆனால் அதன் காலம் முடிந்திருந்தது.

1999 டிசம்பரில் ஐ.சி. 814 விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்டது. அதன்பின் விமான நிலையக் காவல் நம் படையிடம் வந்தது; 2000 பிப்ரவரி 3 அன்று முதலில் ஏற்றது ஜெய்ப்பூர் நிலையத்தை. இன்று சென்னை உட்பட 60-க்கும் மேற்பட்ட நிலையங்களில் நம் வீரர்கள் நிற்கிறார்கள்.

விமான நிலையப் பணியில் நுட்பமான ஒன்றைச் சொல்ல வேண்டும். பணியில் இல்லாத விமானி, ஊர் திரும்பவோ அடுத்த பணியிடம் சேரவோ, காக்பிட்டில் உள்ள ஜம்ப் சீட் என்னும் கூடுதல் இருக்கையில் அமர்ந்து போவதுண்டு. நம் லாரிக்காரர்கள் சக ஓட்டுநரைக் கேபினில் ஏற்றிக்கொள்வது போலத்தான். நாமக்கல்லில் இதை விளக்க வேண்டியதே இல்லை! ஆனால் அந்த இருக்கை விமானத்தின் கட்டுப்பாட்டுக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பின் காக்பிட் கதவுகள் பூட்டி வலுப்படுத்தப்பட்டன; அக்கதவுக்குள் முறைப்படி நுழைகிறவர் யார் என்ற கேள்வியும் அதோடு கனத்தது. நிறுவனத்தின் அனுமதியும் அடையாள அட்டையும் வேண்டும். நிலைய வாயிலிலும் சோதனையிலும் அவற்றைப் பார்ப்பது நம் வேலை. கடைசி முடிவு கேப்டனுடையது.

2019 நவம்பரில் டெல்லி நிலையத்தில், லுஃப்தான்சா கேப்டன் உடுப்பில் கொல்கத்தா விமானம் ஏற வந்த ஒருவரை, அந்நிறுவனத்தார் தந்த தகவலின்பேரில் நம் வீரர்கள் பிடித்தனர். அவர் விமானியே அல்லர். அட்டை பாங்காக்கில் செய்த போலி. சோதனையில் சலுகை கிடைக்கும் என்று போட்ட வேடம். 2024 ஏப்ரலில் அதே நிலையத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானியாக வேடமிட்ட இளைஞர் சிக்கினார். வீட்டாரிடமே தாம் விமானி என்று சொல்லி வைத்திருந்தாராம்.

2023 அக்டோபரில் நம் சேலத்துக் கமலாபுரம் நிலையத்திலிருந்தும் விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கின. விமானியின் சான்றும் மாறியது: 2025 பிப்ரவரியில் நம் நாட்டு விமானிகளுக்கு மின்னணு உரிமம் வந்தது. சீனாவுக்கு அடுத்து இதைக் கொண்டுவந்தது இந்தியாதான்.

அதே ஆண்டு மார்ச்சில் படை நாள் விழா அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் நடந்தது. 949-இல் தக்கோலப் போர்க்களத்தில் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்ட சோழ இளவரசன் ராஜாதித்தனின் பெயர் அங்குள்ள நம் பயிற்சி மையத்துக்குச் சூட்டப்பட்டது.